தொழிலோடு நிற்கும் பொருள்: பூபேன் கக்கர், தஞ்சைச் சித்திரக்காரர்கள், கீழ்வேளூர்க் கடைத்தெரு

நகரத்தின் அன்றாடப் பொருள்களில் அழகைக் கண்ட ஓவியர் என்று யாரையாவது பாராட்டும்போது, அந்த அழகு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை நம் கலை விமரிசனம் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறது. பொருள் இயல்பிலேயே அழகாக இருந்ததா, அல்லது ஓவியரின் கைத்திறன் அதற்கு அழகைப் பூசியதா என்ற இரண்டு விடைகளுக்குள்ளேயே பேச்சு சுற்றி வருகிறது. இரண்டுமே போதாதவை என்பது இக்கட்டுரையின் வாதம். அன்றாடப் பொருள் ஒன்று ஓவியத்தில் அழகு பெறுவது, அது எந்த வேலைக்காக, யார் கையில், எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த உறவு படத்துக்குள் காப்பாற்றப்படும்போதுதான். அந்த உறவை அறுத்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது அலங்காரம். இதற்கு வலுவான சான்று பரோடாவில் வாழ்ந்த பூபேன் கக்கரின் 1970களின் தொடக்க கால ஓவியங்கள். அந்த ஓவியங்களின் முன்னோர்களில் ஒரு கிளை தஞ்சையில் இருக்கிறது. எனவே கக்கரைப் பற்றிய பேச்சு காவிரிப் படுகைக்கும், கீழ்வேளூர் போன்ற அதன் சிற்றூர்க் கடைத்தெருக்களுக்கும் நேராக வந்து சேர்கிறது.

கக்கர் 1934-இல் பம்பாயில் பிறந்தவர். பட்டயக் கணக்காளராகத் தேர்ச்சி பெற்றவர். ஓவியர் குலாம் முகம்மது ஷேக்கின் தூண்டுதலால் 1962-இல் பரோடா சென்று, மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் கலை விமரிசனம் படித்தார். ஓவியத்தில் முறையான பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. பெயர் பெற்ற பின்னும் நெடுங்காலம் ஒரு தொழிற்கூடத்தில் பகுதிநேரமாகக் கணக்கு எழுதிவந்தார். அவருடைய ஓவியங்களைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கெழுத்து முக்கியமானது. ஊரின் தையல்காரர், முடிதிருத்துநர், கடிகாரம் பழுதுபார்ப்பவர், உதவிக் கணக்காளர் ஆகியோர் அவருக்கு வேடிக்கை பார்க்க வேண்டிய மனிதர்களாக இல்லை. அவரும் அதே நடுத்தரத் தெருவில் உழைத்துச் சம்பளம் வாங்கியவர். ‘ஜனதா வாட்ச் ரிப்பேரிங்’, ‘டீலக்ஸ் டெய்லர்ஸ்’, ‘உதவிக் கணக்காளர் திரு. ஐ. எம். படேல்’ ஆகியவை 1972-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. முடிதிருத்தும் கடையைப் பற்றிய ஓவியம் அடுத்த ஆண்டு வந்தது. தலைப்புகளைக் கவனித்தால் போதும்: அவற்றில் கடையின் பெயர்ப்பலகை இருக்கிறது, அலுவலகப் பதவி இருக்கிறது. பொதுவான ‘தொழிலாளி’ என்ற சொல் இல்லை. அந்த ஆண்டுகளில் இந்திய நவீன ஓவியத்தின் பெரிய பெயர்கள் பலரும் அருவத்திலும் ஆன்மிகக் குறியீடுகளிலும் தோய்ந்திருந்தனர். அப்போது தையற்கடையையும் கடிகாரக் கடையையும் ஓவியத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தது துணிச்சலான செயல்.

இந்த ஓவியங்களின் அமைப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கக்கர் பொருள்களை நிழலும் ஒளியுமாக உருட்டித் திரட்டிக் காட்டுவதில்லை. தட்டையான, அழுத்தமான வண்ணப் பரப்புகளில் கடையை வைக்கிறார். கடிகாரக் கடையில் ஒவ்வொரு கடிகாரமும் தனித்தனியாக, ஏறத்தாழ ஒரே அக்கறையோடு வரையப்பட்டிருக்கிறது. முன்னால் இருப்பது தெளிவு, பின்னால் இருப்பது மங்கல் என்ற மேற்கத்தியக் கல்லூரிப் பாடம் அங்கே செல்லாது. கடையில் இருப்பவருக்குத் தம் பொருள்கள் எப்படித் தெரியுமோ அப்படித்தான் அவை படத்தில் தெரிகின்றன. பழுதுபார்ப்பவருக்கு எந்தக் கடிகாரமும் பின்னணி ஆகாது, ஒவ்வொன்றும் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை. பார்வையாளரின் வசதிக்காக அந்தக் கடை ஒழுங்கு செய்யப்படவில்லை. வேலையின் ஒழுங்கு அங்கே ஏற்கெனவே இருக்கிறது, ஓவியர் அதை ஏற்றுக்கொள்கிறார். அழகு என்று நாம் உணர்வது இந்த ஏற்பைத்தான் என்று நான் கருதுகிறேன். 1970களின் நடுவில் அவர் வரைந்த, நெகிழிப் பூங்கொத்தைப் பிடித்து நிற்கும் மனிதரின் ஓவியத்திலும் இதே மரியாதை தெரிகிறது. நெகிழிப் பூவை மட்டமான ரசனையின் சின்னமாக்கிச் சிரிப்பது எளிது. கக்கர் அந்த மனிதரை நடுவில் நிறுத்தி, அவர் வாழ்வின் சிறு காட்சிகளைச் சுற்றிலும் வைத்து, அந்தப் பூங்கொத்தை அவர் கையில் கனத்தோடு இருக்கச் செய்கிறார்.

கக்கரின் இந்த முறைக்கு ஊற்றுகள் பல. பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி ரூஸோ, இடைக்கால இத்தாலிய ஓவியங்கள், நாட்காட்டிப் படங்கள், கடைவீதி அச்சுப் படங்கள் ஆகியவற்றோடு, கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் கம்பெனிப் பாணி ஓவியங்களையும் அவர் விரும்பிக் கற்றார் என்பது அவரைப் பற்றி எழுதியோர் பலரும் சுட்டுவது. கம்பெனிப் பாணியின் தென்னிந்திய மையங்களுள் முதன்மையானது தஞ்சாவூர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து இங்கிருந்த சித்திரக்காரர்கள், ஆங்கிலேய அதிகாரிகளுக்காகத் தொழில்களையும் சாதிகளையும் வரிசைப்படுத்திப் படத்தொகுதிகள் வரைந்தார்கள். இரண்டாம் சரபோஜி ஆண்ட காலமான 1798 முதல் 1832 வரை தஞ்சைச் சித்திரக்கலை பல திசைகளில் பெருகியது. பொன்தாள் ஒட்டிய தெய்வப் படங்கள் ஒரு பக்கம் என்றால், காகிதத்தில் வரையப்பட்ட இந்தத் தொழில் வரிசை இன்னொரு பக்கம். திருச்சிராப்பள்ளியில் இதே வரிசை மைக்காத் தகட்டிலும் வரையப்பட்டது. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் இத்தகைய தொகுதிகள் உள்ளன. தஞ்சை ஓவியம் என்றாலே கண்ணாடிக் கல்லும் பொன்தாளும் என்று பழகிவிட்ட நம் பொதுப்புத்தியில் இந்த இரண்டாம் மரபுக்கு இடமே இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

அப்படங்களின் அமைப்பு எளியது. ஓர் ஆணும் பெண்ணும் நிற்பார்கள்; பின்னால் தாழ்ந்த தொடுவானமும் வெற்று வெளியும் இருக்கும். குயவரின் அருகே சக்கரமும் பானையும், கள் இறக்குபவரின் இடுப்பில் கத்தியும் கலயமும், நெசவாளர் கையில் நூலும் காணப்படும். அடியில் சாதிப்பெயரோ தொழிற்பெயரோ எழுதியிருக்கும். தமிழ்நாட்டின் அன்றாடக் கருவிகள் தனிக் கவனத்துடன் வரையப்பட்ட பெருந்தொகுதி இதுதான். கலயத்தின் கயிறு எப்படிக் கட்டப்பட்டது, கூடையின் விளிம்பு எப்படி முடையப்பட்டது என்பதை அந்தச் சித்திரக்காரர்கள் அறிந்து வரைந்தார்கள். ஆனால் இப்படங்களில் ஓர் ஊனம் உண்டு. கருவி அங்கே மனிதரை அடையாளப்படுத்தும் சீட்டாக மட்டும் நிற்கிறது. குயவர் சக்கரத்தைச் சுற்றினாலும் அவருக்கு ஒரு கொட்டகை இல்லை, வாங்க வருபவர் இல்லை, தெரு இல்லை. வரி வாங்கவும் ஆளவும் வந்தவர்கள், ஆளப்படுவோரை இனம்பிரித்துப் புரிந்துகொள்ளக் கேட்ட படங்கள் அவை. வெற்று வெளி என்பது அந்தத் தேவையின் விளைவு.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கம்பெனிப் படங்கள் காலனியத்தின் வகைப்படுத்தும் கண்ணிலிருந்து பிறந்தவை என்றால், அவற்றிலிருந்து கற்ற கக்கரும் அதே கண்ணைத்தானே சுமக்கிறார்? சிறு தொழில் செய்வோரை வரிசையாக வரைவது, நகரத்து ஓவியர் தம் அண்டை வீட்டாரைக் காட்சிப்பொருளாக்குவது ஆகாதா? மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் படங்களை அருகருகே வைத்தால் அது நிற்பதில்லை. கக்கர் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதில் இல்லாதிருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கிறார். வெற்று வெளி இருந்த இடத்தில் கடையின் சுவர் வருகிறது. சாதிப்பெயர் எழுதிய இடத்தில் கடைக்காரர் தாமே தேர்ந்து எழுதிவைத்த பெயர்ப்பலகை வருகிறது. ‘ஜனதா’ என்றும் ‘டீலக்ஸ்’ என்றும் தம் கடைக்குப் பெயரிட்டவரின் ஆசையும் தன்மதிப்பும் அந்தப் பலகையில் உள்ளன. கருவி ஒருவரைச் சுட்டும் அடையாளமாக இருந்த நிலை போய், ஒருவர் நாள் முழுதும் அதனோடு இருக்கும் நிலை வருகிறது. தஞ்சையில் தொடங்கிய ஒரு பட வகை, பரோடாவில் தன் குறையைத் தீர்த்துக்கொண்டது என்று சொல்வது மிகையாகாது.

பொருளை அதன் வேலையிலிருந்து பிரித்தால் விமரிசகரின் கண்ணும் எப்படித் தவறும் என்பதற்கு வான்கோவின் காலணி ஓவியம் பற்றிய சர்ச்சை நல்ல எடுத்துக்காட்டு. 1930களின் நடுவில் ஆற்றிய உரைகளில் ஜெர்மானிய மெய்யியலாளர் ஹைடெக்கர், அந்தத் தேய்ந்த காலணிகளை ஓர் உழவர் குடிப் பெண்ணுடையவை எனக் கொண்டு, மண்ணையும் விளைச்சலையும் அவற்றில் கேட்டார். 1968-இல் கலை வரலாற்றாளர் மேயர் ஷப்பீரோ, அவை அப்போது நகரவாசியாகியிருந்த ஓவியரின் சொந்தக் காலணிகளே என்று வாதிட்டார். நகரத்துப் பொருள் ஒன்றுக்கு ஆழம் வேண்டுமென்றால் அதைக் கிராமத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு ஆற்றல் உடையது என்பதை இது காட்டுகிறது. அந்த எண்ணம் தமிழ்நாட்டில் ஜெர்மனியைவிடக் குறைவாக இல்லை.

காவிரிப் படுகை தந்த அண்மைக்கால ஓவியர்களில் மக்கள் மனத்தில் மிக ஆழமாக இடம்பெற்றவர் எஸ். இளையராஜா. 1979-இல் கும்பகோணத்துக்கு அருகே பிறந்து, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியிலும் சென்னையிலும் பயின்று, 2021 ஜூன் மாதம் கொரோனாவால் மறைந்தார். வயது நாற்பத்திரண்டு. ஓட்டு வீட்டின் அடுப்படியில் நிற்கும் பெண், நிலைப்படியில் சாய்ந்த சிறுமி, அவர்கள் அருகே பித்தளைக் குடம், செம்பு, விளக்கு, கூரையிலிருந்து சாய்ந்து விழும் வெயில் ஆகியவை அவருடைய உலகம். புகைப்படம் போல வரைந்தார் என்று அவரைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு. அது மேலோட்டமான குறை. வெயில் பித்தளையில் பட்டுப் பெண்ணின் கன்னத்துக்கு ஏறும் வழியை அவர் கண்டது, அந்த வீடுகளில் வளர்ந்தவருக்கே வாய்க்கும் அறிவு. கருத்த பெண்களின் முகத்தை வெகுமக்கள் இதழ்களின் பக்கங்களில் இவ்வளவு கம்பீரமாக நிறுத்தியவர் வேறு யார்? ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் படங்களின் பாத்திரங்கள் பெரும்பாலும் ஒரு தலைமுறைக்கு முந்தைய வீட்டைச் சேர்ந்தவை. 2006-க்குப் பின் அரசு வண்ணத் தொலைக்காட்சி தந்தது. 2011-க்குப் பின் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. படுகையின் அடுப்படிகளில் இன்று நிறைந்திருப்பவை எவர்சில்வரும் நெகிழியும் இந்த மின்பொருள்களும்தான். அவருடைய சமகாலப் பெண்கள் புழங்கிய பொருள்கள் அவர் ஓவியத்துக்குள் அரிதாகவே நுழைந்தன. அவரைப் பின்பற்றி வரையும் இளைஞர் பலரிடம் இது ஒரு விதியாகவே இறுகிவிட்டது. பித்தளை இருந்தால் ஓவியம், நெகிழி தெரிந்தால் துடைத்துவிடு என்பது அந்த விதி.

பழைய பொருளின் அழகு பாவமற்றது என்ற நம்பிக்கையைக் கீழ்வேளூர் வட்டத்தில் நின்று யாரும் சொல்லிவிட முடியாது. நெல் அளக்கும் படியும் மரக்காலும் இன்று பழம்பொருள் கடைகளில் அழகுப் பொருள்கள். பளபளவென்று துலக்கி வரவேற்பறையில் வைக்கிறார்கள். இதே வட்டத்தைச் சேர்ந்த கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன்னிருந்த போராட்டம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டது. அரைப்படி என்ற அளவாகவே அது மக்கள் நினைவில் நிற்கிறது. படி என்ற பாத்திரத்தை வரையும் ஓவியர் அதன் வளைவையும் பித்தளைப் பூணையும் மட்டும் வரைந்தால், அந்தப் பொருள் என்ன செய்தது என்பதை மறைத்தவராவார். அது அளந்தது, யாருக்கு எவ்வளவு என்று தீர்மானித்தவர் கையில் இருந்தது. பொருளை அதன் தொழிலோடு வரைய வேண்டும் என்று இக்கட்டுரை சொல்வதன் முழு எடையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அழகைக் கைவிட வேண்டியதில்லை. அந்தப் படியின் விளிம்பு உண்மையிலேயே அழகானது. அது அளந்த நெல்லும், அதற்குக் காத்து நின்ற கைகளும் படத்தில் இருக்கும்போது அந்த விளிம்பை நாம் இன்னும் நெருங்கிப் பார்ப்போம்.

படியின் இடத்தில் இன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் மின்னணுத் தராசும் ஈரப்பதமானியும் உள்ளன. நெல்லின் ஈரம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் விதிப்படி எடுக்கமாட்டார்கள். மழையில் நனைந்த அறுவடைக் காலங்களில் வரம்பைத் தளர்த்தச் சொல்லி உழவர்கள் கேட்பதும், ஒன்றிய அரசு குழு அனுப்பிப் பார்ப்பதும் டெல்டாவின் வழக்கமான செய்தி. ஒரு பிடி நெல்லை வாங்கிக்கொண்டு எண்ணைக் காட்டும் அந்தச் சிறு கருவி, சாலையோரத்தில் கொட்டிய நெல்லின் மேல் விரித்த தார்ப்பாய், வாய் தைத்த சாக்கு மூட்டை ஆகிய மூன்றும் இன்றைய நெல் நாட்டின் உண்மையான பொருள்கள். ஊர்க் கடைத்தெருவில் இவற்றுக்கு உறவினர்கள் பல உண்டு. கைப்பேசி பழுதுபார்ப்பவரின் மேசை, ஜெராக்ஸ் கடையின் கண்ணாடித் தடுப்பு, மருந்துக்கடையின் அடுக்கு, டீக்கடையின் பாய்லர், குழாயடியில் வரிசை பிடித்த பச்சையும் ஊதாவும் இளஞ்சிவப்புமான குடங்கள். கக்கரின் ‘ஜனதா’ கடிகாரக் கடைக்கு நேர் வாரிசு அந்தக் கைப்பேசிக் கடைதான். அதே குனிந்த தலை, அதே உருப்பெருக்கிக் கண்ணாடி, திறந்து வைத்த அதே சிறு வயிறுகள். தஞ்சைச் சித்திரக்காரர் ஒருவர் இன்று இருந்தால் இந்த மேசையைத்தான் வரைவார் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நெகிழிக்கு அழகில்லை என்பது அடுத்த மறுப்பு. பித்தளையில் களிம்பு ஏறும், துலக்கினால் மீளும். மரம் தேயும், கை பட்டு வழவழக்கும். நெகிழி வெளுத்து உடைந்து குப்பையாகும், அவ்வளவுதான் என்பார்கள். சுற்றுச்சூழல் அக்கறையையும் இதோடு சேர்ப்பார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நெகிழி மண்ணுக்குக் கேடு என்பது உண்மை, அதனாலேயே அதை வரையக் கூடாது என்பது பின்தொடராது. அழகைப் பற்றிய பகுதிக்கு வரலாறே விடை தருகிறது. 18-ஆம் நூற்றாண்டுப் பாரீஸில் ஓவியர் ஷார்தான் வரைந்த செம்புத் தண்ணீர்த் தொட்டி இன்று லூவ்ரில் இருக்கிறது. தன் காலத்தில் அது அடுப்படியின் மூலையில் நின்ற சாதாரணச் சாமான், உயர்ந்த ஓவியத்துக்குத் தகாதது. அப்போதைய கலைப் படிநிலையில் புராண, வரலாற்றுக் காட்சிகளே மேலே இருந்தன, சாமான்கள் வரிசையின் கடைசியில். செம்பு அழகானது என்று நாம் இன்று எண்ணுவதில் ஷார்தானின் பங்கு உண்டு. நெகிழிக் குடமும் தன் வாழ்வைத் தன் மேல் எழுதிக்கொள்கிறது. வெயில் பட்ட பக்கம் வெளுக்கும், இடுப்பில் உரசும் பக்கம் சொரசொரக்கும், விரிசல் விட்ட அடியைச் சூடுவைத்து ஒட்டிய தழும்பு இருக்கும். பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கும் தண்ணீரின் மட்டம் தெரியும். பித்தளை இதைச் செய்யவே செய்யாது. ஓவியருக்கு இதைவிட நல்ல பொருள் எது?

எவர்சில்வரைப் பற்றியும் இங்கே பேச வேண்டும், ஏனென்றால் இந்தியப் பாத்திரங்களை உலகக் கலைச் சந்தைக்குக் கொண்டுசென்றவர் சுபோத் குப்தா. பீகாரின் ககௌலில் 1964-இல் பிறந்து பாட்னாவில் ஓவியம் பயின்ற அவர், எவர்சில்வர்ப் பாத்திரங்களைக் கித்தானில் வரைந்தும், குவித்துச் சிற்பமாக்கியும் பெயர் பெற்றார். 2006-இல் பாத்திரங்களாலான அவருடைய பெரிய மண்டையோடு பாரீஸில் வைக்கப்பட்டது. அதன் ஆற்றலை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பாத்திரங்கள் எவர் கையிலும் புழங்காத புதுப்பளபளப்போடு, ஒரு பெரும் உருவத்தின் செதில்களாகிவிடுகின்றன. நம் வீடுகளின் எவர்சில்வரில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும், சீர் வந்த தேதி இருக்கும், இட்லிப் பானையின் அடியில் கருமை இருக்கும். இக்குறையைக் குப்தாவே உணர்ந்திருக்க வேண்டும் என்று அவருடைய பிற்காலப் படைப்புகள் எண்ணவைக்கின்றன. 2011-க்கும் 2013-க்கும் இடையில் உருவான ‘இது நீரூற்று அல்ல’ என்ற படைப்பில், அடிநசுங்கிய பழைய அலுமினியப் பாத்திரங்கள் மலையாகக் கிடக்க, அவற்றினூடே குழாய்களிலிருந்து தண்ணீர் ஓடுகிறது. பாத்திரத்துக்கு அதன் தேய்மானமும் தண்ணீரும் திரும்பக் கிடைத்ததும் அந்தப் படைப்பு மண்டையோட்டைவிட நெருக்கமாகிறது. ஓவியர் அதுல் தோடியா பம்பாய்க் கடைகளின் இரும்பு ஷட்டரையே ஓவியப் பரப்பாக்கியபோதும் இதுவே நிகழ்ந்தது. மேலும் கீழும் இழுக்கப்படும் ஷட்டராகவே அது இருந்தது. மகாலட்சுமியை வரைந்த ஷட்டரைத் தூக்கினால், வரதட்சணைச் சுமையால் தூக்கில் தொங்கிய சகோதரிகளின் காட்சி உள்ளே இருக்கும். திறப்பதும் மூடுவதும் என்ற அந்தப் பொருளின் வேலையே அங்கே பொருளுரைக்கிறது.

கடைசியாக, எளியோரின் பொருள்களை அழகாக்குவது வறுமையை அழகாக்குவதாகாதா என்ற கேள்வி. ஆகலாம். குழாயடியில் காத்திருக்கும் பெண்களை நீக்கிவிட்டு வண்ணக் குடங்களை மட்டும் கோலமாக அடுக்கினால் நிச்சயம் ஆகும். ஆனால் வரையாமல் விடுவது அதற்கு மருந்து ஆகாது. வரையாமல் விட்டால் அந்தப் பெண்களும் சேர்ந்துதான் காணாமல் போகிறார்கள்.

கும்பகோணம் கல்லூரி இந்தப் படுகையின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து கீழ்வேளூர் ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கும் தொலைவு. அசையாப் பொருள் வரையும் வகுப்பில் திரைச்சீலையும் மண்பானையும் வைத்துப் பழகட்டும். அது கைப்பழக்கத்துக்குத் தேவை. அதன்பின் மாணவர்களைக் கொள்முதல் நிலையத்துக்கும் கைப்பேசிக் கடைக்கும் குழாயடிக்கும் அனுப்ப வேண்டும். தஞ்சைச் சித்திரக்காரர்களின் தொழில் வரிசைப் படங்களைப் பாடத்தில் சேர்த்து, அவற்றின் நுட்பத்தையும் ஊனத்தையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். ஆங்கிலேயர் கேட்டதற்காக நம் தொழில்களை வரைந்த நிலம் இது. இப்போது யாரும் கேட்காமலே, நமக்காக, இன்றைய தொழில்களை அவற்றின் பொருள்களோடும் மனிதரோடும் கடையின் பெயர்ப்பலகையோடும் வரையும் பொறுப்பு படுகையின் இளம் ஓவியர்களுடையது. அவர்கள் அதை ஏற்க வேண்டும்.